மேல் சத்தம்

அந்தப் பெண் கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான், சிங்காநல்லூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸும் லாரியும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தறிக்குப் பாவு நூல் இன்னும் வரவில்லை என்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும், எல்லாரும் பஞ்சுப் பொதிக்குள் போய்விட்டார்கள். காது பரிசோதிக்கிற இந்தச் சின்ன அறையில் நானும் ஒரு நாற்காலியும்தான். சுவரெல்லாம் பொத்தல் பொத்தலாக மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறார்கள். எதிரில் ஒரு கண்ணாடிச் சன்னல், அதற்கு அந்தப்பக்கம் அவள். அபிநயா என்று கோட்டில் பெயர் இருக்கிறது. என் மகள் இருந்திருந்தால் இந்த வயசு இருக்கும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை, எனக்கு மகன்தான், அவன் ஓசூரில் இருக்கிறான், சௌக்கியமாக இருக்கிறான். தலையில் மாட்டிவிட்ட ஹெட்போன் கனக்கிறது, கம்மலை அமுக்குகிறது. கம்மலைக் கழற்றச் சொன்னாள், நான்தான் திருகாணி இறுகிக்கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். கையில் ஒரு பட்டன். "எவ்வளவு லேசாக் கேட்டாலும் அமுக்குங்கம்மா. கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க. இது பரீட்சை இல்ல, பயப்படாதீங்க." பரீட்சை வைக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். முதலில் வலது காதாம். காத்திருக்கிறேன். ஒன்றுமே வரவில்லை. வந்து நான்தான் விட்டுவிட்டேனோ? அவள் முகத்தைப் பார்க்கிறேன், அவள் குனிந்திருக்கிறாள். இதோ, தூரத்தில், கிணற்றுக்கு அடியில் மோட்டார் ஓடுவது மாதிரி ஒன்று. அமுக்கினேன். அடுத்தது அதைவிட லேசாக. அமுக்கினேன். இந்த அடிச் சத்தங்களெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை, எனக்குத் தெரியும், அடிச் சத்தம் காதில் மட்டுமா விழுகிறது, வயிற்றிலும்தான் விழுகிறது.

இவ்வளவு அமைதி எனக்கு வாழ்க்கையில் இரண்டாவது தடவை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டின் பின்பக்கம் தறிக்குடோன், தறிகள் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் எல்லாருமே சத்தமாகப் பேசுவோம், கோயிலில் சாமியிடம்கூட. அப்படி இருந்த ஒரு காலையில் கரண்ட் போனது. எப்போதும் போகிற கரண்ட்தான், தறிகள் ஒவ்வொன்றாக இருமிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு என்னவோ எல்லாம் ஒரே அடியில் நின்றுவிட்டன. நான் நூல் கோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த அமைதிக்குள், பெருக்கி வைத்த வாசலில் முதல் ஆள் கால் வைப்பது மாதிரி, அது வந்தது. முதலில் ஒரு உறுமல், பிறகு உறுமலுக்கு மேலே ஒரு கம்பி இழுப்பது மாதிரிச் சீறல். மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. சூலூர் ஏர்போர்ஸ் பக்கத்து ஊர்தான் எங்களுடையது, ஹெலிகாப்டரும் பெரிய சாமான் விமானமும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்தான். இது வேறே. சின்னது. வால் பக்கம் இருக்க வேண்டிய குட்டி இறக்கைகள் இல்லை, முறத்தைத் திருப்பிப் போட்டது மாதிரி ஒரே முக்கோணம், பின்னால் ஒரு துளி நெருப்பு. ஓடுதளத்தை விட்டு எழுந்ததும் சாயவில்லை, வளையவில்லை, நேராக மேலே பார்த்து நின்றுகொண்டு போனது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயசு. பாட்டியாகப்போகிற வயசில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். யாரோ எனக்காகவே ஒரு விஷயத்தை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த மாதிரி இருந்தது. கீழே வந்ததும் வீட்டுக்காரர், "எங்க போன? கரண்ட் வந்துருச்சு பாரு" என்றார். ஏரோப்ளேன் பார்க்கப் போனேன் என்றேன். "ஏரோப்ளேனா?" என்று கேட்டுவிட்டு தறி நாடாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை.

சத்தம் வந்ததா? அமுக்குகிறேன். அவள் தலையாட்டுகிறாள், அப்படியென்றால் சரிதான். ஞாயிற்றுக்கிழமை இப்படித் தலையாட்ட யாரும் இருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போத்தனூரில் பெனடிக்ட் சாரின் பேக்கரி மாடியில் நாங்கள் எல்லாரும் முதன்முதலாக நேரில் கூடுகிறோம். போர் விமானம் என்றால் பைத்தியமாக இருக்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், பக்கத்து வீட்டுப் பையன் சேர்த்துவிட்டான். முதலில் நான் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் யாரோ படமில்லாமல் சத்தத்தை மட்டும் அனுப்பி இது எது என்று கேட்டார்கள், நான் சொன்னேன், அடுத்ததும் சொன்னேன், அதற்கு மேல் எனக்குக் காது அக்கா என்றே பெயராகிவிட்டது. பட்டம் வாங்கின மாதிரி அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு நடமாடினேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் தன் விமானத்துக்காகப் பேச வேண்டும், அது முடிந்ததும் கண்ணைக் கட்டிவிட்டு சத்தம் கண்டுபிடிக்கிற போட்டி. பெனடிக்ட் சார் ஹன்டரைப் பற்றித்தான் பேசுவார். அவருடைய அப்பா கரக்பூரில் ரயில்வே, பக்கத்திலேயே ஏர்போர்ஸ், பள்ளிக்கூட மைதானத்துக்கு மேலே ஹன்டர் போகுமாம். "கலாமணி, அதுல ஒரு கோணல் கோடு கிடையாது. மேலருந்து பாருங்க, பக்கவாட்டுல பாருங்க, ஒரே இழுப்புல வரைஞ்ச மாதிரி இருக்கும்" என்பார். அது வேகமாகச் சரிந்து வரும்போது ஒரு ஊளை வருமாம், அதைக் கேட்பதற்காகக் கணக்கு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்படுகிற மாதிரி ஏதாவது செய்வாராம். காலி சோடா பாட்டில் வாயில் ஊதி அந்தச் சத்தத்தை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். ஹன்டர் இப்போது பறப்பதில்லை, ஊர் ஊருக்குச் சிமெண்டுத் தூணில் குத்திவைத்திருக்கிறார்கள், அவர் பார்க்கப் போகமாட்டார். ரஹமத்நிஷாவுக்குச் சுகோய்தான். தஞ்சாவூரில் டீச்சர், பிசிக்ஸ், அவள் வீட்டிலிருந்து பார்த்தால் சுகோய் ஏறுவது தெரியும். இரண்டு இன்ஜின், யானைக்கனம், ஆனால் கழுத்தைத் தாழ்த்தி நாரை மாதிரி நிற்கும், வானத்தில் திடீரென்று படமெடுத்து நின்று அப்படியே முன்னால் விழும். "அக்கா, எங்க வீட்டு ஸ்டாண்டுல இருக்கிற தட்டெல்லாம் அது கூடப் பேசும்க்கா" என்பாள். பார்த்தேயிராத விமானத்தை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். மதுரையில் ஒருத்தருக்கு இறக்கையை மடக்கி மடக்கி விரிக்கிற அமெரிக்க விமானம், ஒருத்தருக்குத் தரையிலிருந்து அப்படியே நேராக எழும்பி அந்தரத்தில் நிற்கிற ஹாரியர். மிக்-21 பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரூப் கொஞ்சம் மெதுவாகும். அதன் ஊசி அழகை யாரும் மறுக்கமாட்டார்கள், அதில் ஏறிப் போய்த் திரும்பாத பிள்ளைகளை யாரும் மறக்கவும் மாட்டார்கள்.

ஏதோ மாறிவிட்டது. அவள் குனிந்து ஏதோ திருகுகிறாள், எனக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திருகுகிறாள். நான் பட்டனைப் பிடித்திருக்கும் விரலைப் பார்க்கிறேன். அமுக்கிவிடலாமா, கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்கலாம் என்றுதானே சொன்னாள். கேட்ட மாதிரியும் இல்லை. இங்கேதான், இந்த இடத்தில்தான் இருக்கிறது என் வினை. எனக்கு இது மாடியிலேயே தெரிந்துபோன விஷயம். விமானம் ஏறும்போது உறுமல், அதற்கு யாருக்கும் காது வேண்டாம். இறங்கும்போது இன்ஜினை அடக்கிவிடுவார்கள், உறுமல் இருக்காது, மேல் சத்தம் மட்டும் வரும், குக்கர் விசில் போடுவதற்கு முன்னால் உள்ளுக்குள் இழுக்குமே, அப்படி. ஏறினது இறங்குகிற வரைக்கும் நான் மாடியை விட்டு இறங்கமாட்டேன். உள்ளே இருப்பது யார் வீட்டுப் பிள்ளையோ. அந்தச் சீறல் காதில் விழுந்த பிறகுதான் துணியை உதறிப் போடுவேன். போன ஆடியில் ஒரு நாள் இரண்டு ஏறின. நான் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நிற்கிறேன், ஒன்றும் திரும்பவில்லை. என்ன செய்வது, யாரிடம் போய்க் கேட்பது, ஏர்போர்ஸ் கேட்டில் போய் உங்கள் இரண்டு விமானம் வந்துவிட்டதா என்று கேட்க முடியுமா? தற்செயலாகத் திரும்பினால் தென்னந்தோப்புக்கு மேலே அது வந்துகொண்டிருக்கிறது, சக்கரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவ்வளவு கிட்டத்தில், சத்தமே இல்லாமல். டிவியில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பது மாதிரி. பின்னாலேயே இன்னொன்றும் அப்படியே. இரண்டும் பத்திரமாக இறங்கின, சந்தோஷப்பட வேண்டியதுதானே, நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திரும்பாமல் போனது அவை இல்லை, என் காதுதான் என்று தெரிந்துபோயிற்று. நங்கையா முகம் முன்னால் வந்து நின்றது. நங்கையா என் வீட்டுக்காரரின் அக்கா, அவருக்கும் தறிதான், காது போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, யார் எது சொன்னாலும் சிரிப்பார். கல்யாண வீட்டிலும் சிரிப்பார், எழவு வீட்டிலும் சிரித்துவிட்டார் ஒரு முறை. நானும் அப்படிச் சிரித்துக்கொண்டு பேக்கரி மாடியில் உட்கார்ந்திருக்கப் போகிறேனா?

நங்கையாதான் என்னை ஒரு கேள்வி கேட்டவரும். காது நன்றாக இருந்த நாளில் மாடிக்கு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அது குண்டு போடுற வண்டிதான, அதுல என்ன கண்ணு உனக்கு?" என்றார். எல்லையில் சண்டை மூண்ட அந்த நாட்களில் நான் மாடிக்கே போகவில்லை, குரூப்பிலும் யாரும் படம் போடவில்லை, ரஹமத்நிஷா மட்டும் ஒரு தடவை, எல்லாரும் வீட்டுக்குத் திரும்பட்டும் என்று எழுதினாள். எந்த எல்லாரும் என்று எழுதவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. குண்டு போடுவதற்காகத்தான் அதைச் செய்தார்கள், தெரியாமலில்லை. ஆனால் அரிவாளைச் செய்கிறவன்கூடத் தேவைக்கு மேலே ஒரு வளைவு வைக்கத்தான் செய்கிறான். வேலைக்கு வேண்டாத அழகு எதுவும் விமானத்தில் இல்லை என்று பெனடிக்ட் சார் வாதாடுவார், ஒவ்வொரு வளைவும் காற்று சொன்னபடி வந்தது, காற்று என்ன குண்டையா கேட்டது என்பார். இருக்கலாம். அபிநயா கையைக் காட்டுகிறாள், இடது காதுக்கு மாற்றிவிட்டாளாம். மறுபடியும் கிணற்றடி மோட்டார். அமுக்குகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது இந்த அறை. ஏசி லேசாக முதுகில் படுகிறது. அடுப்பில் பால் இல்லை, குடோனில் யாரும் அக்கா நூல் அறுந்துருச்சு என்று கூப்பிடவில்லை, என்னைத் தேட முடியாத இடத்தில் நான் என்னுடைய விமானத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது? அது சின்னது என்பேன். சுகோய் பக்கத்தில் நிறுத்தினால் தாயும் பிள்ளையும் மாதிரி இருக்கும் என்பேன். அதைச் செய்து முடிக்க இத்தனை வருஷமா என்று எல்லாரும் கேலி செய்தார்கள், வராது வராது என்றார்கள், அது எங்கள் ஊருக்கு வந்தது, அதுவும் நான் நூல் கோனோடு நின்ற காலையில் வந்தது என்பேன். ஹன்டர் அழகுதான் சார், ஒரே இழுப்பில் வரைந்ததுதான். என் தேஜஸ் அப்படி இல்லை, அழித்து அழித்து வரைந்தது. அழித்து அழித்து வரைந்ததில்தான் எனக்கு நம்பிக்கை. இதை அப்படியே சொல்லிவிட வேண்டும், மறக்கக் கூடாது. ஐயோ, இதற்குள் எத்தனை சத்தம் வந்து போயிற்றோ? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காத்திருக்கிறேன். இல்லை. இந்தக் காதிலும் அதே இடத்தில்தான் கதவு சாத்தியிருக்கிறது.

வெளியே வந்ததும் அபிநயா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகப் பேசினாள். அடிச் சத்தமெல்லாம் சின்னப் பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி கேட்கிறதாம். மேல் சத்தங்கள் இரண்டு காதிலும் குறைந்துவிட்டனவாம். "தறி ஓட்டுறவங்க நெறைய பேருக்கு இப்படித்தாங்கம்மா. ஒரு நாள்ல வர்றதில்ல, கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கும். போனது திரும்பாது, ஆனா காதுல மெஷின் வெச்சா உதவும். உங்களுக்கு எந்தச் சத்தம் முக்கியமாக் கேக்கணும்? டிவியா, போனா, பேரப்பிள்ளைங்களா?" நான் யோசிக்காமல் ஜெட் என்றேன். "எது?" தேஜஸ் இறங்குகிற சத்தம் என்றேன். அவள் சிரித்துவிட்டாள், ஆனால் கேலியில்லை. போனில் இருக்கிறதா என்று கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன், போட்டுக் காட்டினாள், காற்று ஊதுவது மாதிரி மட்டும் கேட்டது. பிறகு காதுக்குப் பின்னால் பச்சைப்பயறு நெற்று மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு மறுபடியும் போட்டாள். முதலில் என் வளையல். என் வளையல் இவ்வளவு சத்தம் போடுகிறதா? காகிதம் புரளுகிறது, யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிறார்கள். அதற்குப் பிறகு அது. சீறல். இருக்கிறது, ஆனால் தகரத்தைச் சுரண்டுவது மாதிரி, மெலிந்துபோய், நான் மாடியில் கேட்டதற்கும் இதற்கும் பங்காளி உறவுகூட இல்லை. என் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டாள். "இப்ப அப்படித்தான் இருக்கும்மா. மூளை பழகணும். அதுக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும், இது இதுதான்னு. கொஞ்ச நாள் போட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க." எனக்குத் துக்கம் வர வேண்டும், வந்தது, ஆனால் ஒரு டம்ளர் அளவுதான். யோசித்தால் ஹன்டரின் ஊளையைப் பெனடிக்ட் சார் எந்தக் காதால் கேட்கிறார்? சோடா பாட்டிலால்தானே. எனக்குத் தகரம். பரவாயில்லை. இறங்கினது தெரிந்தால் போதும்.

பெஞ்சில் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். காது பரிசோதனை செய்துகொண்டேன், மேல் சத்தம் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை வருவேன், என் விமானத்துக்காகப் பேசுவேன், போட்டியில் மட்டும் சேர்க்க வேண்டாம். பெனடிக்ட் சார் கும்பிடு படம் ஒன்று போட்டார். ரஹமத்நிஷா, "போட்டி கெடக்குதுக்கா, நான் பிரியாணி கொண்டாரேன், காரம் எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டாள். நான் இங்கே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரர், "என்ன சொன்னாங்க?" என்றார். அவர் குரல் மெஷின் வழியாக வந்து விழுந்ததில் நான் துள்ளிவிட்டேன். "மெதுவாப் பேசுங்க." "மெதுவாத்தான பேசறேன்." அபிநயா கதவருகில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த ஆள் இன்னும் வரவில்லை, ஐயாவுக்கும் பார்த்துவிடலாமே என்றாள். "எனக்கென்னங்க, எனக்கு நல்லாக் கேக்குதுங்க!" ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் அவர் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே தள்ளினேன். கல்யாணத்தன்று அவர் என் கையைப் பிடித்ததற்குப் பிறகு நான் இவ்வளவு அழுத்திப் பிடித்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிக்கு இந்தப்பக்கம் அபிநயாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மருதாசலம் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் மீசையைத் தடவுகிற மனுஷன், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊசி போடக் காத்திருக்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் சத்தத்தை அனுப்பும்போதெல்லாம் அவள் முன்னால் இருந்த பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. எரியும், அவர் அமுக்குவார். எரியும், அமுக்குவார். பிறகு எரிந்தது, அவர் அமுக்கவில்லை. மறுபடியும் எரிந்தது, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்குங்களேன் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தறியில் காய்த்துப்போன கை, பட்டனை முட்டை மாதிரிப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வீட்டில் இத்தனை வருஷம் இருந்து, இவர் கண்ணை மூடி எதையோ கவனிக்கிற முகத்தை நான் பார்த்ததே இல்லை. நல்ல முகம். அபிநயா எல்லாவற்றையும் முடித்து பெட்டியை அணைத்துவிட்டு எழுந்தாள், கதவைத் திறக்க நடந்தாள். விளக்கு எரியவில்லை, எதுவுமே எரியவில்லை, அப்போது அவர் கண்ணைத் திறக்காமலேயே சிரித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

அவருக்கும் என்னை மாதிரித்தானாம், இடது காதில் குறை இன்னும் கொஞ்சம் கூடுதல். அடுத்த வாரம் வரச் சொன்னாள். எதிரே டீக்கடைக்குப் போய் நின்றோம். மெஷினை நான் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன், ரோட்டுச் சத்தம் தாங்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார். "கடைசியா ஒண்ணு போட்டாங்க பாரு. அது உன்ற ஏரோப்ளேன் சத்தம்." நான் அவரைப் பார்த்தேன். "பெருசு இல்ல, கெழக்கால இருந்து வருமே, அந்தச் சின்னது. அதையும் பரீட்சைல வெச்சிருக்கறாங்க, பாரேன்." எதுவும் போடவில்லை என்று நான் சொல்லவில்லை. அது காதுக்குள் சும்மா கேட்கிற இரைச்சலாக இருக்கும், தறிக்காரர்களுக்கு வரும் என்று அபிநயா சொல்லியிருந்தாள். இருக்கட்டும். அந்த இரைச்சலுக்கு அவர் வைத்த பெயர் அதுதானே, பெருசு வேறே சின்னது வேறே என்று தெரிந்துதானே வைத்தார். குடோனுக்குள் நின்றுகொண்டு எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. டீ ருசியாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தான். அவர் டம்ளரை வைத்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடியபடி, "அதும்பேரு என்னமோ சொல்லுவியே, என்னது அது?" என்று கேட்டார். மெதுவாகத்தான் சொன்னேன். "என்ன?" என்றார், தலையைச் சாய்த்து. நான் அவர் வலது காதுப்பக்கம் போய் நின்று, பலங்கொண்ட மட்டும், "தேஜஸ்!" என்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கு ஏன் கத்தற?" என்றார் அவர். "கேட்டுச்சு."